மின்சாரம் கொடுக்கும் முன் மூடியைத் திறங்கள்

போர்க்கால வானொலிப் பெட்டி முதன்முதலாகக் கைக்கு வந்ததும் எல்லாருக்கும் வரும் ஆசை ஒன்றுதான்: உடனே கரண்ட் கொடுத்துக் கேட்டுவிட வேண்டும். அந்த ஆசையை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். எண்பது ஆண்டுகளைத் தாண்டி வந்த செட்டை ஐந்து நிமிட அவசரம் கருக்கிவிடும்.

எதில் தொடங்கலாம்?

மார்கோனி வடிவமைத்த ஆர்1155 ரிசீவரைச் சொல்வேன். லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் போன்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் டி1154 டிரான்ஸ்மிட்டரோடு ஜோடியாக இருந்தது இது. பத்து வால்வு, 75 கிலோஹெர்ட்ஸ் முதல் 18.5 மெகாஹெர்ட்ஸ் வரை ஐந்து பேண்டு. தரை நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டறியும் வசதியும் உள்ளேயே உண்டு. ஏராளமாகத் தயாரானதால் பிரிட்டனின் பழைய வானொலிச் சந்தைகளில் இன்றும் கிடைக்கிறது.

வாங்கும்போது

போர் முடிந்ததும் இவை மலிவு விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களில் பலர் திசையறியும் பகுதியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பவர்பேக்கும் ஸ்பீக்கருக்கான அவுட்புட் வால்வும் பொருத்திக்கொண்டார்கள். கை படாத செட் அரிதானது அப்படித்தான். ஆகவே விற்பவரிடம் உட்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெயின்ட் உதிர்ந்திருந்தால் குறையில்லை. மேலே புது பெயின்ட் பூசியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். வால்வுகளுக்கு ராணுவப் பெயர் வேறு, கடைப் பெயர் வேறு. விஆர்100 கடையில் கேடிடபிள்யூ62. இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

மூடியைத் திறந்ததும்

மென்மையான பிரஷ் போதும், தண்ணீர் வேண்டாம். என் செட்டில் சேசிஸ் ஓரமாகப் பென்சிலில் ஒரு தேதியும் இரண்டு எழுத்துகளும் இருந்தன. தொழிற்சாலையில் சோதித்தவர் போட்டதாக இருக்கலாம். அதைச் சுற்றித்தான் பிரஷ் ஓட்டினேன். அப்படிப்பட்ட அடையாளம் ஒருமுறை அழிந்தால் போனதுதான்.

அடுத்து, காகிதக் கண்டென்சர்கள். மல்டிமீட்டரில் நன்றாகத் தெரிந்தாலும் 200 வோல்ட் ஏறும்போது கசியும். ஒரு வால்வின் பிளேட்டிலிருந்து அடுத்ததன் கிரிடுக்குப் போகும் கண்டென்சர் கசிந்தால், அந்த அடுத்த வால்வு அளவுக்கு மீறி கரண்ட் இழுத்துச் சூடாகும். பழைய உறைக்குள் இருப்பதை எடுத்துவிட்டு, அதற்குள்ளேயே புதிய பாலியெஸ்டர் கண்டென்சரை வையுங்கள். தோற்றம் மாறாது, செட்டும் பிழைக்கும். தொட்டால் உதிரும் ரப்பர் ஒயரையும் மாற்றிவிடுங்கள்.

முதல் மின்சாரம்

இந்த செட்டுக்குத் தனி பவர்பேக் வேண்டும்: ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பிளேட்டுகளுக்கு ஏறக்குறைய 220 வோல்ட் டிசி. பிளேட் சப்ளையின் மைனஸைச் சேசிஸோடு சேர்த்துவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ரெசிஸ்டர்களில்தான் கிரிடுகளுக்கான பயாஸ் வோல்டேஜ் கிடைக்கிறது.

பவர்பேக்குக்கு வரும் மெயின் லைனில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். எல்இடி இதற்கு உதவாது. பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்ல அறிகுறி. மங்காமல் பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள்.

220 வோல்ட் டிசி ஆளைக் கொல்லும். அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கும்; ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கிய பிறகே உள்ளே கை வையுங்கள்.

டி1154-உம் கிடைத்தால் அலமாரியில் வைத்து ரசியுங்கள். அதில் 1200 வோல்ட் ஓடும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவதும் குற்றம். இன்னொரு எச்சரிக்கை: போர்க்கால மீட்டர்கள் பலவற்றின் முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த வண்ணம் உண்டு. ஒளிர்வது நின்றிருந்தாலும் கதிரியக்கம் நிற்கவில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அந்த மீட்டர்களின் கண்ணாடியைத் திறக்காதீர்கள், வண்ணத்தைச் சுரண்டாதீர்கள்.

இனி கேளுங்கள்

இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டுங்கள். வால்வுகள் சூடேறச் சூடேற, மெழுகும் பழைய தூசியும் கலந்த ஒரு வாசனை எழும். மத்திய அலையில் டயலை 720 பக்கம் மெல்லத் திருப்பினால் சென்னை வானொலி. நிலையம் சரியாக அமைந்ததும் டியூனிங்கைக் காட்டும் மேஜிக் ஐ வால்வின் பச்சை ஒளிக்கு நடுவே உள்ள நிழல் குறுகும். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் ஹாம் வானொலியினரைத் தேடுங்கள். மோர்ஸ் ஒலியும் சிக்கும்.

கடைசியாக ஒன்று. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் சீட்டு ஒட்டி ஒரு டப்பாவில் போடுங்கள். என்ன மாற்றினீர்கள், என்றைக்கு என்று ஒரு நோட்டில் எழுதி செட்டோடு வையுங்கள். நமக்குப் பின் அந்த மூடியைத் திறக்கப்போகிறவருக்கு நாம் விட்டுச்செல்லும் பென்சில் குறிப்பு அது.