நாயின் காதை அறுக்கலாமா?

நாய் வீட்டைக் காக்கும். ஆட்டு மந்தையைக் காக்கும். கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் மாந்தோப்பையும் கரும்புக் கொல்லையையும் காக்கும். இரவில் காட்டுப் பன்றி புகுந்தால் முதலில் குரைப்பது நாய்தான்.

இப்படிப்பட்ட நாய்க்குச் சிலர் ஒரு காரியம் செய்கிறார்கள். குட்டியாக இருக்கும்போதே அதன் காதை வெட்டிவிடுகிறார்கள். சிலர் வாலையும் வெட்டுகிறார்கள்.

ஏன் வெட்டுகிறார்கள்?

டோபர்மேன் என்று ஒரு நாய் இருக்கிறது. படங்களில் பார்த்திருப்பீர்கள். காது கத்திபோல நிமிர்ந்து நிற்கும். ஆனால் அது பிறவியில் வந்த காது அல்ல. டோபர்மேன் குட்டிக்குப் பிறக்கும்போது தொங்கும் காதுதான். குட்டிக்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும்போது காதில் ஒரு பகுதியை வெட்டுகிறார்கள். மீதிக் காது நிற்பதற்காக வாரக்கணக்கில் கட்டுப்போட்டு வைக்கிறார்கள். அப்படியும் சில நாய்களுக்குக் காது நிற்பதில்லை.

டோபர்மேன் ஜெர்மனி நாட்டில் உண்டான இனம். அந்த ஜெர்மனியிலேயே இப்போது அழகுக்காகக் காதை வெட்டத் தடை இருக்கிறது. இங்கிலாந்திலும் தடை இருக்கிறது.

நம் ஊர்களில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. காதையும் வாலையும் நறுக்கினால் நாய் ரோஷமாக வளரும் என்பார்கள். இது சரியா?

காது எதற்கு?

நாய்க்குக் காது கேட்பதற்கு மட்டும் அல்ல, பேசுவதற்கும்தான். பயந்தால் காதைப் பின்னால் மடிக்கும். சத்தம் கேட்டால் காதைத் தூக்கும். எஜமானைக் கண்டால் காதைத் தாழ்த்தி வாலை ஆட்டும். மற்ற நாய்கள் இதைப் பார்த்தே அதன் மனதைப் புரிந்துகொள்ளும். நாமும் புரிந்துகொள்ளலாம். கடிக்க வருகிறதா, விளையாட வருகிறதா என்பதைக் காதும் வாலும் சொல்லிவிடும். அவற்றை வெட்டினால் நாயின் பேச்சில் பாதி போய்விடும்.

டாக்டர் சொன்னது

ஒரு தோப்புக்காரர் குட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இப்படிப் பேச்சு நடக்கும்.

"டாக்டரம்மா, இதுக்குக் காதை வெட்டிவிடணும். அப்போதான் நல்லா காவல் காக்கும்."

"பெரியவரே, காவல் காக்கிறது காதின் உருவமா? நாயின் மூக்கும் பழக்கமும்தானே?"

"காது தொங்கினால் சீழ் பிடிக்கும் என்கிறார்களே அம்மா?"

"சீழ் பிடித்தால் மருந்து இருக்கிறது. காதைத் துடைத்துச் சுத்தமாக வைத்தாலே போதும். வராத நோய்க்கு எதற்குக் காதை வெட்டவேண்டும்?"

"நானே பிளேடு வைத்து வெட்டிவிட்டால்?"

"ரத்தம் நிற்காமல் போகலாம். ஈ மொய்த்துப் புழு வைக்கும். வலியில் குட்டி செத்தும் போகலாம். பிழைத்தாலும் மனிதர் கையைக் கண்டால் பயப்படும். பயந்த நாய்தான் வீட்டுப் பிள்ளையையே கடிக்கும்."

"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்துகிறோமே, அதுவும் வலிதானே அம்மா?"

"வலிதான். ஆனால் அது இல்லாமல் மாட்டைப் பிடித்து ஓட்டுவது கஷ்டம். அதற்குச் சட்டம் தனியாக இடம் கொடுத்திருக்கிறது. நாயின் காதை அழகுக்கு வெட்ட அப்படி இடம் கொடுக்கவில்லை."

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பிராணிகளை ஊனப்படுத்துவது குற்றம் என்று அது சொல்கிறது. அழகுக்காக நாயின் காதையும் வாலையும் வெட்டவேண்டாம் என்று, 2011-ல் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் டாக்டர்களுக்கு அறிவுரை கூறியது.

காதில் கட்டியோ ஆறாத புண்ணோ வந்தால் டாக்டர் அறுவைச் சிகிச்சை செய்வார். அது வைத்தியம். திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடுமையான நோய் என்றால் அங்கே கொண்டுபோய்க் காட்டலாம்.

தெருநாயின் காதில் வெட்டு

சில தெருநாய்களுக்குக் காதின் ஓரத்தில் சிறு வெட்டு இருக்கும். இது அழகுக்காக வெட்டியது அல்ல. கருத்தடை அறுவை செய்யும்போது மயக்கம் கொடுப்பார்கள். அந்த மயக்கத்திலேயே இந்த அடையாளத்தையும் போடுவார்கள். கருத்தடை செய்த நாயை மறுபடி பிடித்து அறுக்காமல் இருக்க இது உதவும்.

எது நல்ல காவல்?

ராஜபாளையம் நாய் காவலுக்குப் பேர் போனது. அதன் காது மடிந்து தொங்கும். 2005-ல் நம் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டது. காதை வெட்டித்தான் அந்தப் பெயர் கிடைத்ததா? இல்லை.

நல்ல காவல் நாய்க்கு வேண்டியவை இவை:

1. வேளைக்குச் சோறும் தண்ணீரும்.
2. வெயில், மழைக்கு ஒதுங்க ஓர் இடம்.
3. குட்டிப் பருவத்திலிருந்து அன்பான பழக்கம்.
4. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு டாக்டர் சொல்லும் நாளில் மறுபடியும் ஊசி.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். வெறிநோய் கண்ட நாய் கடித்தால் மனித உயிருக்கே ஆபத்து. நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். பிறகு தாமதம் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும்.

காதை வெட்டச் செலவழிக்கும் பணத்தைத் தடுப்பூசிக்குச் செலவழித்தால் நாயும் பிழைக்கும், வீடும் பிழைக்கும்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. நாய் தன் காதால் எவற்றைச் சொல்கிறது?
2. தெருநாயின் காதில் வெட்டு இருப்பது ஏன்?
3. உங்கள் தெருவில் எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள்? விசாரித்து எழுதுங்கள்.