கிரிவலப் பாதையில் வாங்கிய 'புரட்சிக் காசு'

போன பௌர்ணமி கிரிவலத்துல, ஒரு தரைக்கடையில் 300 ரூபாய் கொடுத்து ஒரு காசு வாங்கினேன். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, யூகேஎல், ஒன் அணா, 1818'. "வேலூர் புரட்சி காலத்துக் காசு தம்பி" என்றார் கடைக்காரர். புரட்சி நடந்தது 1806 ஜூலை 10. கணக்கே இடிக்குது! ரூமுக்கு வந்து தேடினால், அது கம்பெனி அடித்த காசே இல்லை. பிற்காலத்தில் பக்தர்களுக்கு விற்கச் செய்த டோக்கன்.

அப்போ உண்மையான வேலூர் காசு எது? கிளர்ச்சி ஒரே நாளில் அடக்கப்பட்டது. சிப்பாய்களுக்குக் காசு அடிக்க நேரம் ஏது? அதனால் அந்தக் காலத்தோடு தொடர்புள்ள காசுகளைத்தான் தேடணும். முதலில் திப்புவின் யானைக் காசு. அவர் மகன்கள்தான் வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்தார்கள். சிப்பாய்கள் ஏற்றியதும் மைசூர் புலிக்கொடி. அவரது பிற்காலக் காசுகளில் ஆண்டு எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்கணும்.

அடுத்தது, சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனி பர்மிங்காமில் அடித்த 1808 செப்புக் காசுகள். இவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கியது. 1980-களில் மூழ்கியவர்கள் அள்ளியெடுத்ததால் இன்றும் சுலபமாகக் கிடைக்குது.

1857-க்குத் தடயம் இன்னும் எளிது: 1862 காசில் கம்பெனி பெயரே இருக்காது, விக்டோரியா ராணி மட்டும்.

வாங்கும்போது எடை போடுங்க. 1808-ன் 10 காசு சுமார் 4.6 கிராம், 20 காசு அதன் இரட்டிப்பு. வாங்கின பிறகு, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க. பழைய நிறம் போனால் விலையும் போச்சு.