கணவரின் வரி பாக்கி மனைவி தலையிலா?

கேள்வி: கணவர் நெல் மண்டி நடத்துகிறார். அவருடைய வருமான வரி பாக்கியை மனைவியிடம் வசூலிப்பார்களா? – வாசகி, செஞ்சி

பதில்: பொதுவாக வசூலிக்க முடியாது. அமெரிக்காவில் தம்பதி கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்தால் முழு வரிக்கும் இருவரும் பொறுப்பு. கணவர் மறைத்ததை அறியாத மனைவி அங்கே 8857-ஆம் படிவம் கொடுத்து விலக்குக் கேட்கலாம். ஆனால் இந்தியாவில் ஆளுக்கொரு பான், ஆளுக்கொரு கணக்கு.

ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. வருமான வரிச் சட்டப்படி, 1973 ஜூன் 1 முதல் கணவர் தகுந்த விலை பெறாமல் மனைவிக்கு மாற்றிய சொத்தை, கணவருடையதாகவே கருதி ஜப்தி செய்யலாம். மனைவி பெயரில் தானப் பத்திரம் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் இதை யோசிப்பதேயில்லை!

மண்டியில் மனைவியும் பங்குதாரர் என்றால் கதையே வேறு: நிறுவனத்தின் பாக்கிக்கு அவரும் முழுப் பொறுப்பு. மனைவி தன் சம்பளத்தில் வாங்கிய சொத்துக்கு வங்கி ஆதாரங்களைப் பத்திரப்படுத்துவது நல்லது.