கணினிக்குள் பறக்கும் டிரோன்



கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுவிட்டால், தீவுக்குத் தீவு மருந்து அனுப்புவது எவ்வளவு சிரமம் என்பது அந்தமானில் வாழும் நமக்குத் தெரியும். "டிரோன் கொண்டுபோகட்டுமே, சித்தப்பா" என்பான் என் அண்ணன் மகன். அவன் செய்த சிறு டிரோன் கணினித் திரையில் அழகாகப் பறந்தது. உரிய அனுமதி பெற்று மைதானத்தில் பறக்கவிட்டோம். கடற்காற்றை எதிர்த்தே பேட்டரி தீர்ந்து, வேலியில் விழுந்தது. காரணம், கணினிக்கு அவன் கொடுத்த எண்கள் வெறும் ஊகம்.

சரியான எண்களைப் பறக்கவிட்டுத்தான் பெறவேண்டும். எப்படி?

நான்கு விசிறிகள் கொண்ட 2 கிலோ டிரோன், காற்றில்லாத இடத்தில் அசையாமல் மிதக்கிறது என்று கொள்வோம். அதன் எடை 2 × 9.8 = 19.6 நியூட்டன். ஒரு விசிறியின் பங்கு 4.9 நியூட்டன். அப்போது விசிறி நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுவதாகப் பதிவாகிறது. தூக்குவிசை, சுற்றுவேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே இந்த ஒரு பதிவிலிருந்தே முதல் எண் கிடைத்துவிடுகிறது.

இனி 200 கிராம் மருந்து ஏற்றுவோம். எடை 1.1 மடங்கு, வேகம் 1.1இன் வர்க்கமூல மடங்கு, அதாவது சுமார் 5,240 சுற்று. மீண்டும் பறக்கவிட்டுப் பாருங்கள். பதிவும் அதையொட்டி வந்தால் கணக்கை நம்பலாம். 5,500 என்று வந்தால் திருத்தவேண்டும்.

சாய்வதையும் திரும்புவதையும் அறிய, மிதந்தால் போதாது; வேண்டுமென்றே அசைக்கவேண்டும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் ஆய்வாளர்களின் '3-2-1-1' முறையில், கட்டுப்பாட்டை 3 பங்கு நேரம் ஒருபுறம், 2 பங்கு மறுபுறம், பின் ஒவ்வொரு பங்காக மாற்றித் தள்ளுவார்கள். டிரோனிலுள்ள கருவிகள் அசைவைப் பதிவுசெய்யும். கணினியின் கோடு அந்தப் பதிவின் கோட்டோடு பொருந்தும்வரை எண்கள் திருத்தப்படும். பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகத்தைச் சேர்ந்த ராவல், கிரிஜா, சிங் மூவரும் இத்துறை பற்றி 2004இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. எண்களைக் கண்டுபிடிக்க உதவிய பதிவையே வைத்து அவற்றைச் சோதிக்கலாகாது. வகுப்பில் போட்ட கணக்கையே பரீட்சையில் கேட்டால் யாருக்குத்தான் நூறு வராது? அதேபோல, அமைதியான காலையில் பெற்ற எண்கள் ஆடிக் காற்றுக்குச் சாட்சி சொல்லமாட்டா. அந்தக் காற்றிலும் பறக்கவிட்டுப் பார்த்த பிறகே மருந்தை நம்பி ஏற்றலாம்.

அண்ணன் மகன் இப்போது பறக்கவிடும் ஒவ்வொரு முறையும் நோட்டில் குறித்துக்கொள்கிறான்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: 400 கிராம் ஏற்றினால் எத்தனை சுற்று? (விடை: சுமார் 5,480)