ஸ்போர்ட்ஸ் கார்: சாலைக்கா, டிராக்குக்கா?

ரொம்ப நாள் சேர்த்து வைத்த பணம் கையில் இருக்கு, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கணும்னு ஆசையா? ஷோரூமுக்குப் போய் கலர் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க. இந்தக் காரை சாலையில் ஓட்டப் போறீங்களா, பந்தய டிராக்கில் ஓட்டப் போறீங்களா? இரண்டுக்கும் சட்டம் வேறு, செலவு வேறு, வண்டியைத் தயார் செய்யும் விதமும் வேறு. இதை முடிவு செய்யாமல் வாங்கினால் பணம் வீணாகலாம். சாலையில் போகும் இன்னொருவரின் உயிருக்கும் ஆபத்து வரலாம்.

வேகத்தின் கணக்கு

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். குறுக்கே ஒருவர் வருவதைப் பார்த்து, உங்கள் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த தூரம் போயிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. எவ்வளவு விலை உயர்ந்த காருக்கும் இதே கணக்குதான்.

டிராக்கில் எதிரே வண்டி வராது, ஆடு மாடு வராது, பள்ளிக் குழந்தைகள் சாலையைக் கடக்க மாட்டார்கள். ஓரத்தில் தடுப்பு இருக்கும், கொடி காட்ட ஆள் நிற்பார், ஆம்புலன்ஸ் தயாராக இருக்கும். ஈ.சி.ஆர். சாலையில் இதில் எதுவும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் பதிவும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் கட்டாயம். இவற்றோடு கீழே உள்ள இரண்டு பிரிவுகளையும் தெரிஞ்சு வெச்சுக்குங்க.

பிரிவு 189: மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவது குற்றம். முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி ரேஸ் நடந்ததே?" என்று நீங்கள் கேட்கலாம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்த அந்தப் போட்டி, அரசின் ஆதரவோடு, சாலையை மூடி, தடுப்புகள் அமைத்து நடத்தப்பட்டது. நண்பர்கள் சேர்ந்து ராத்திரியில் போடும் ரேஸுக்கு அதை உதாரணம் காட்ட முடியாது.

பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதி செய்தது. மீறினால், செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உரிமையாளருக்குக் கிடைக்கலாம்.

டிராக்குக்கு மாற்றிய கார் சாலைக்கு ஏன் ஆகாது?

டிராக் காரில் எடை குறைக்க பின் சீட்டைக் கழற்றுவாங்க. உள்ளே இரும்புக் கூண்டு வைப்பாங்க. கோடு இல்லாத வழவழப்பான டயர் போடுவாங்க. ஹெல்மெட் போட்ட ஓட்டுநருக்கு அந்தக் கூண்டு பாதுகாப்பு. ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டும்போது சின்ன மோதலிலும் தலை அந்தக் கம்பியில் இடிக்கும். கோடு இல்லாத டயர் மழை நீரை ஒதுக்காது, ஈரச் சாலையில் வழுக்கும். தரையோடு தரையாக இறக்கிய காரை நம்ம ஊர் வேகத்தடையில் ஏற்றினால் அடிப்பாகம் தட்டும்.

சாலைக் காரை அப்படியே டிராக்குக்குக் கொண்டு போனாலும் சிக்கல் உண்டு. தொடர்ந்து சில சுற்று ஓட்டினால் பிரேக் சூடேறி, பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில், பிரேக் பேட், டயர் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் போகணும்.

இன்சூரன்ஸைப் படிச்சுப் பாருங்க

சாதாரண தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி இருக்கும். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு அந்த பாலிசி பொருந்தாது என்று அதில் எழுதியிருக்கும். அதாவது, போட்டியில் தடுப்பில் மோதினால் ரிப்பேர் செலவு உங்கள் தலையில்தான். டிராக்கில் வண்டியை இறக்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்குங்க.

செலவு எவ்வளவு?

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு, 20 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். 50 லட்சம் ரூபாய் கார் என்றால் வரி மட்டுமே 10 லட்சம். பொதுச் சாலையில் இறங்கவே இறங்காத, பந்தயத்துக்கென்றே கட்டிய காருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் அதை ஓட்டிக்கொண்டு டிராக்குக்குப் போக முடியாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டு போகணும். அந்த வாடகை, டயர், மெக்கானிக், நிறுத்தி வைக்க இடம் எல்லாம் தனிச் செலவு.

பழைய கார் வாங்குபவர்களுக்கு

எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி., இன்சூரன்ஸ் விவரங்களைப் பாருங்க. கடன் பாக்கி, நிலுவை செலான் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்யுங்க. வேற மாநில வண்டி என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று கேளுங்க. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்கியாகணும். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும். முந்தைய உரிமையாளர் ஏதாவது மாற்றம் செய்திருந்தால், இனி பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

எப்படி முடிவு செய்வது?

வருஷத்தில் எத்தனை நாள் டிராக்குக்குப் போவீங்க என்று எண்ணிப் பாருங்க. இரண்டு மூன்று நாள்தான் என்றால், சாலைக்கு ஏற்ற கார் ஒன்றை வாங்கி எந்த மாற்றமும் செய்யாமல் ஓட்டுங்க. வேக ஆசைக்குப் பயிற்சிப் பள்ளியின் காரில் ஓட்டலாம். இந்த வசதி நம்ம மாநிலத்திலேயே இருக்கு. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. டிராக்கும், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் உள்ளன.

மாதா மாதம் ஓட்டணும், போட்டியிலும் கலந்துக்கணும் என்றால் தனி டிராக் கார் சரியாக வரும். போட்டிக்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தரும் உரிமம் வேணும். சாதாரண ஓட்டுநர் உரிமம் அதற்குப் போதாது.

வீட்டில் கார் ஒன்றே ஒன்றுதான், அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகணும் என்றால், அதை டிராக் காராக மாற்ற வேண்டாம். முன்பணம் கட்டும் முன் வீட்டாரிடம் வரி, இன்சூரன்ஸ், டயர் செலவு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்க.