தைல வண்ணத்தில் சேலை மடிப்பு

மாமல்லபுரத்தில் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி ஆடையைக் கல்லில் லேசாகவே காட்டினான், உடலே முதன்மை. தைல வண்ணத்தில் சேலை தீட்டப் பழகும் நாமும் முதலில் தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றைக் கரியால் குறித்துக்கொள்கிறோம். துணி அவற்றிலிருந்துதானே தொங்குகிறது! மடிப்பின் மேட்டில் ஒளி, பள்ளத்தில் நிழல். நிழலுக்கு வெறும் கறுப்பு உதவாது. சிவப்புப் பட்டின் நிழல் கருஞ்சிவப்பே. பட்டில் ஒளி பளிச்சிடும், பருத்தியில் பரவும்.

ஆளிவிதை எண்ணெய் உலர்வது ஆவியாகி அன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகுகிறது. ஆகவே அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்கட்டும். அடி இறுகுமுன் மேல் இறுகினால் படம் வெடிக்கும்.

இரவிவர்மா 1868-இல் திருவனந்தபுரம் அரண்மனையில் தியோடர் ஜென்சன் தீட்டுவதைப் பார்த்தே இவ்வித்தையில் பலவற்றைக் கற்றார். அவர் தீட்டிய பட்டுச் சேலைகள் எழும்பூர் அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளன. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் அவ்வழியாகத்தான் போகிறது.