ஈற்றுத்தடை தேர்தல்

அறிவியல் தமிழ் வளரவேண்டும் என்று மேடைதோறும் பேசுகின்றோம். ஆயின் ஆய்வுக்கூட மேசைமேல் கிடக்கும் சிறு பொருள் ஒன்றுக்குத் தமிழ்ப்பெயர் இடப் புகும்போதுதான் அப்பணியின் அருமை புலப்படும். வானொலி அதிர்வெண் அளவீடுகளில் வடத்தின் முனையில் செருகப்படும் 'டெர்மினேட்டர்' அத்தகையதொரு பொருள். அதனை 'ஈற்றுத்தடை' என ஈண்டு வழங்குவோம். ஈறு நம் இலக்கணத்திற்குப் பழகிய சொல், பொருத்தமும் உடையது.

நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் கூடுங்கால், பொன்னும் மலையும் பொன்மலை என இயல்பாய் நிற்றலும், பொன்னும் குடமும் பொற்குடம் எனத் திரிதலும் உண்டன்றோ? வடத்தில் செல்லும் மின்னலையும் அவ்வாறே. ஒவ்வொரு வடத்திற்கும் சிறப்பு மின்னெதிர்ப்பு ஒன்று உண்டு. ஆய்வுக்கருவிகளில் பெரும்பாலும் 50 ஓம், தொலைக்காட்சி வடங்களில் 75 ஓம். ஈற்றில் அதே மதிப்பு நின்றால் அலை முழுதும் வெப்பமாய் அடங்கும். வேறுபடின் ஒரு பகுதி வந்த வழியே மீளும். 50 ஓம் வடத்தின் ஈற்றில் 75 ஓம் தடையை வைத்தால், வேறுபாடாகிய 25ஐக் கூட்டுத்தொகையாகிய 125ஆல் வகுக்க 0.2 வரும். மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கும், திறனில் 4 விழுக்காடும் எதிரொளிக்கும் என்பது இதன் பொருள். ஈறே இல்லாது விட்டாலோ, 50 ஓம் சுமைக்கு 1 வோல்ட் தருமாறு அமைத்த அலையாக்கி, அலைகாட்டியின் 1 மெகாஓம் உள்ளீட்டில் 2 வோல்ட் காட்டும். கருவி பழுது என்று மாணவர் மயங்குவது இவ்விடத்தில்தான்.

பல்லளவி கொண்டு அளந்தோம், சரியாக 50 ஓம் காட்டுகிறது, போதாதா எனக் கேட்பர். போதாது. பல்லளவி நேர்மின்னோட்டத்தில் மின்தடையை மட்டுமே அறியும். மாறுமின்னோட்டத்தில் மின்மறுப்பும் சேர, இரண்டும் கூடியதே மின்னெதிர்ப்பு. 'இம்பீடன்ஸ்' என ஆலிவர் ஹெவிசைட் 1886இல் தனிச்சொல் படைத்தது இவ்வேறுபாடு கருதியே. தமிழில் மூன்றனையும் 'தடை' என ஒரே சொல்லால் குறித்துவிட்டால் மாணவர் பல்லளவியோடு நின்றுவிடுவர். (நாம் இட்ட ஈற்றுத்தடை என்னும் பெயருக்கும் இக்குறை உண்டு, சுருக்கம் கருதி அதனைப் பொறுத்துக்கொள்வோம்.) சாதாரணத் தடையொன்றில் 10 மில்லிமீட்டர் நீளக் கம்பிக்கால் இருந்தால் ஏறத்தாழ 10 நானோஹென்றி மின்தூண்டல் தோன்றும். 1 கிகாஹெர்ட்சில் அதன் மின்மறுப்பு சுமார் 63 ஓம். தடையினும் அதுவே பெரிது! கம்பிச்சுற்றுத் தடைகளோ இதற்கு அறவே ஆகா.

ஆதலின் வாங்குமுன் நோக்கற்பாலது, எந்த அதிர்வெண் வரை எவ்வளவு எதிரொளிப்பு என்னும் குறிப்பே. நிலையலை விகிதம் 1.2 எனில் எதிரொளிப்புக் கெழு 0.09, 1.05 எனில் 0.024. அன்றாட வேலைக்கு முன்னது போதும். அளவீட்டுக்கு அது போதாது. நாம் அளக்கும் வடிப்பியின் எதிரொளிப்பு 0.05 என்றும், அதன் மறுமுனையில் வைத்த ஈற்றுத்தடையின் எதிரொளிப்பும் 0.05 என்றும் கொள்வோம். வடிப்பியின் இழப்பு சிறிதாயின் இரண்டும் ஒன்றையொன்று அழித்துச் சுழியாகவும் தோன்றலாம், கூடி 0.10 ஆகவும் தோன்றலாம். இரண்டும் பொய். அளவையில் மோசடி செய்வோரைக் கடியும் 'அல்முதஃப்பிஃபீன்' அத்தியாயத்தை நாம் வணிகருக்கே உரியதாக எண்ணிவிடுகிறோம். ஆய்வேட்டில் எண் குறிப்போரும் அளப்போரே.

திறனையும் மறத்தல் ஆகாது. 50 ஓமில் 5 வோல்ட் பயனுறு மின்னழுத்தம் அரை வாட் ஆகும். கால் வாட் ஈற்றுத்தடை அதில் சூடேறி மதிப்பு மாறும், நாளடைவில் கருகும். 5 வாட் அலைபரப்பியைச் சோதிக்க வெப்பச் சிறகுகள் உடைய போலிச்சுமையே வேண்டும்.

இணைப்பிகளில் பி.என்.சி. வகை 50 ஓம், 75 ஓம் இரண்டிலும் உண்டு. ஒன்றில் மற்றொன்று எளிதில் பொருந்திவிடும் என்பதால் எழுத்தைப் படித்தே செருகவேண்டும். 'என்' வகையில் இது இன்னும் கேடு. 75 ஓம் இணைப்பியின் நடு ஊசி மெல்லியது. அதற்கேற்ற சிறு துளையில் 50 ஓம் ஊசியை அழுத்தினால் துளையின் இதழ்கள் விரிந்துவிடும். பின்னர் உரிய 75 ஓம் ஊசியைச் செருகினும் தொடர்பு தளர்ந்தே நிற்கும்.